நடந்துபோன ராட்சதன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்திருப்பேன். மேசையில் தீப்பற்றும் தின்னர் பாட்டில் திறந்து கிடப்பதால் வாயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெயர் பெரியதம்பி. நிக்கோபாரின் கட்சால் தீவில் முப்பத்தோரு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தில் கத்தி படக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை. நான் வெட்டியது சில மரங்களுக்குத் தெரியாமலே போய், விஷயம் கேள்விப்பட்டு மறுநாள்தான் பால் விட்டன. அப்படிப்பட்ட கை, ஓய்வு பெற்றுப் போர்ட் பிளேருக்கு வந்தபின் சும்மா கிடக்குமா? விரல் உயரப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தேன். ராட்சதர்கள், பறக்கும் பாம்புகள், இறக்கை வைத்த ராணிகள். எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சாம்பல் நிறத்தில் வந்து இறங்கும். நிறம் கொடுத்து, காலடியில் மண்ணும் கல்லும் ஒட்டித் தரை அமைப்பது எங்கள் வேலை. அந்தத் தரைக்குப் பேஸ் என்று பெயர்.

கூட்டத்துக்குத் தலைவி வைஜெயந்தி. கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை, திருநெல்வேலிக்காரி. அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: பொம்மையை மேசை நடுவில் வைத்துவிட்டால், எல்லாரும் குறை சொல்லி முடிக்கும்வரை பெயிண்ட் அடித்தவர் வாய் திறக்கக்கூடாது. கடைசியில் ‘சரி’ என்று ஒரு சொல் சொல்லலாம்.

நான் முதலில் கொண்டுபோய் வைத்தது ஒரு ராட்சதன். டோங்கிப் படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சையைப் பூசியிருந்தேன்.

“அண்ணாச்சி, இவன் வாயைத் திறந்திருக்கானா, மூடியிருக்கானா?” என்று கேட்டாள் வைஜெயந்தி.

சுதாகர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவனும் கட்சால்காரன்; ஆள் பீரோ மாதிரி இருப்பான். “அரே சாச்சா, மூஞ்சி எங்க? ரெயின்கோட் மாட்டி விட்டிருக்கீங்களே!”

“இந்தப் படகுப் பெயிண்ட்டைத் தூரப் போடுங்க. தண்ணியில கரையுற பெயிண்ட் வாங்கி, மெல்லிசா மூணு தடவை அடிங்க. பள்ளத்துல இருட்டு, மேட்டுல வெளிச்சம். பேஸ் வேற மொட்டையா நிக்கி” என்று முடித்தாள் வைஜெயந்தி.

“சரி” என்றேன். மரத்துக்கே தெரியாமல் வெட்டிய கைக்கு இந்தப் பேச்சு!

ஆனாலும் ஆறு ஞாயிறு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வாரத்துக்கு ஒரு குறை கழன்றது. கண்ணில் புள்ளி வைக்கப் பூனையிடம் ஒரு மீசை முடி கேட்டு வாங்கினேன். அந்தப் பூனை இன்றைக்கும் கதவு அகலம் தெரியாமல் இடித்துக்கொள்கிறது. ஆறாவது ஞாயிறு வைஜெயந்தி சொன்னாள்: “அடுத்த வாரம் கண்காட்சி. என் ராணி பக்கத்துல அண்ணாச்சிக்கு இடம் உண்டு. பேஸ் போட்டாத்தான்.”

அவள் ராணி எட்டு மாத வேலை. அதன் பக்கத்தில் இடம்! அவள் வாயை அடைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சனிக்கிழமை மாலை சோடா மூடியில் கடல்மணல் ஒட்டி, ராட்சதன் காலடியில் நெல்லிக்காய் அளவுச் சங்கு ஒன்றையும் ஒட்டினேன். கரையில் கிடக்கும் சங்கை எடுத்தால், உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தீவில் நடக்கத் தெரிந்த எல்லாக் குழந்தைக்கும் அது தெரியும். நான் தட்டவில்லை.

கண்காட்சியில் பதினொரு மணிக்கு டீ வந்தது. எல்லாரும் பின்பக்கம் போனார்கள். நான் மட்டும் என் ராட்சதனைப் பார்த்தபடி நின்றேன். அவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவ்வளவு உயிரோட்டமாக அடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். அடுத்த அடியில் சங்குக்கு அடியில் கால்கள் தெரிந்தன. ராட்சதன் நேராகப் போய் ராணியை இடித்தான். அவள் மேசை விளிம்புக்குச் சறுக்கி, கீழே விழுந்தாள். இடது இறக்கை தனியாகக் கிடந்தது.

“என்ன சத்தம், அண்ணாச்சி?” என்று டீயோடு திரும்பினாள் வைஜெயந்தி.

என் பொம்மை உன் ராணியைத் தள்ளிவிட்டது. ஐந்தே சொல். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று மூன்று. வெட்கம் கெட்ட காரியம் செய்கிற நேரம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

“பூகம்ப்!” என்று கத்தினேன்.

மற்ற ஊர்களில் மின்விசிறி ஆடுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். இங்கே 2004-க்குப் பிறகு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. டம்ளர்கள் உருண்டன, செருப்புகள் வாசலிலேயே கிடந்தன, ஹால் காலி. வைஜெயந்தி மேசையில் கைக்கு அகப்பட்டதை ஒரு கையில் அள்ளி, மறு கையில் என் மணிக்கட்டைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போனாள்.

மேட்டில் சுதாகர் வெறுங்காலோடு உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தான். “அம்மா, மேல போ. சாமான் எடுக்காத. நீ போ.” கட்சாலுக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைக்காத போனிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பால் வெட்டியவர்கள். அந்த அலைக்குப் பிறகு இரண்டு வரிசையையும் நான்தான் வெட்டினேன்.

மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வைஜெயந்தி பக்கத்தில் வந்து உள்ளங்கையை விரித்தாள். அவள் அள்ளி வந்தது என் ராட்சதனைத்தான். நண்டு அவள் ரேகை மேல் கால்களை ஓட்டிக்கொண்டிருந்தது.

“பெயிண்ட் நல்லா வந்திருக்கு. பள்ளத்துல இருட்டு விழுந்திருக்கு, கண்ணும் சரியா இருக்கு” என்றாள். “பேஸ்தான். இனிமே தட்டிப் பாத்துட்டு ஒட்டுங்க.”

“சரி.”

“சுதாகர்ட்ட நீங்களே சொல்லிருங்க.”

“சரி.”

அடுத்த ஞாயிறு மேசையில் எதுவும் வைக்காமல் நடந்ததைச் சொன்னேன். சுதாகர் கிண்டல் செய்வான், திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். அவன் மேசையையே பார்த்தான். “அன்னிக்கு அம்மாகிட்ட சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பேச முடிஞ்சுது, சாச்சா.” அவ்வளவுதான். சட்டப்படி எனக்கு ஒரு சொல்தான் உண்டு. அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து கூட்டத்துக்குப் போகவில்லை. ராணியை மட்டும் கேட்டு வாங்கி வந்து இரண்டு மாதமாக இறக்கையை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மேசையில் பெயிண்ட் சிந்தாமலிருக்கப் பழைய பேப்பர் விரிப்பேன். இன்று விரித்தது கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கு மறுநாள் பேப்பர். மூலையில் நாலு வரிச் செய்தி: ஞாயிற்றுக்கிழமை காலை 11.03-க்கு அந்தமான் கடலில் 4.6 அளவில் நிலநடுக்கம்.