தொடாதே என்று பெயரிட்ட நிறம்

ரோகிணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அந்தப் பக்கம் பார்க்காதே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவள் கழுத்து தானாகத் திரும்பிவிடும். அப்படிப்பட்டவளிடம் இருநூற்றுப் பதினான்கு நிறங்களை ஒப்படைத்து, அதில் ஒன்றுக்கு 'தொடாதே' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனால் அவள் என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

கேஎல் நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அனிமேஷன் ஸ்டூடியோ. முதலாளி ஜெயராஜ். பூச்சோங்கில் லோரி ஓட்டும் ஒரு பூனையின் கதையைப் பதின்மூன்று எபிசோடுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அத்தனையும் டிவிக்காரர்கள் கைக்குப் போயாக வேண்டும். நிறங்களுக்குப் பொறுப்பு ரோகிணி. அவள் வேலை நிரந்தரமாவதும் அந்தத் திங்கட்கிழமையை நம்பித்தான் இருந்தது. ஜெயராஜ் அதைச் சுற்றி வளைக்காமல் அவளிடம் சொல்லியும் இருந்தார்.

புதன்கிழமை அவர் வந்து அவள் மேசையில் கையூன்றி நின்றார்.

"ரோகிணி, பேலட்டைக் கொஞ்சம் கிளீன் பண்ணிரும்மா. டிவிக்காரங்க ஃபைலோட சேத்துக் கேக்குறாங்க. யூஸ் பண்ணாத கலர் எல்லாம் தூக்கிரு."

பேலட் என்பது கணினிக்குள் இருக்கும் வண்ணப்பெட்டி. கட்டம் கட்டமாக நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வேறு இடங்களில் 'தோல் 1', 'தோல் 2' என்று உப்புச்சப்பில்லாமல் வைப்பார்கள். இந்தப் பெட்டியில் 'இடியாப்ப வெள்ளை' இருந்தது, 'டெங்கில் செம்மண்' இருந்தது, 'அரசாங்க ஆபீஸ் சுவர்' இருந்தது. மழைக்கு முந்தைய வானத்துக்கு 'குடை எங்கடி' என்று பெயர். எல்லாம் சீதாலெட்சுமி வைத்த பெயர்கள். இரண்டு வருடம் ரோகிணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நிறம் கலந்தவள் அவள். இப்போது இல்லை. போய் ஐந்து மாதமாகிவிட்டது. அந்த நாற்காலியில் கேபிள் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

அவள் போன கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறத்துக்கு ஒரே ஆள் போதும் என்று ஜெயராஜ் முடிவு செய்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை ரோகிணியைக் கூப்பிட்டு, "நீ இருக்கே. சீதாகிட்ட வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். ரோகிணியும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் மத்தியானம் சீதாலெட்சுமியின் தட்டிலிருந்து வடையைப் பிய்த்துத் தின்றாள், அடுத்த எபிசோடுக்கு அவள் யோசித்த நிறங்களுக்கெல்லாம் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சீதாலெட்சுமி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நீ சொல்லியிருக்கலாம்." அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

சரி, நிறத்துக்கு வருவோம். 'தொடாதே' பச்சையுமில்லை, சாம்பலுமில்லை. மழை விட்டுப் போன சுவர் மாதிரி ஒரு மங்கல். சிவப்பு 122, பச்சை 138, நீலம் 116. பூனை மேல் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. லோரியில் இல்லை. எதிர்வீட்டு ஆன்டியின் சேலையில் இல்லை. இரண்டு நாள் காட்சி காட்சியாகத் திறந்து தேடினாள். ஏசி எலும்புக்குள் இறங்கும் அறை அது. சுவெட்டரின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாருலா நீ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். பெயர் மட்டும் அவளை முறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பொறுமை போயிற்று. எங்கும் காணோம், அப்படியானால் வேண்டாத நிறம்தானே? அழித்தாள். நிச்சயமாகவா என்று மென்பொருள் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அழிப்பதற்குப் பதில் எண்ணை மாற்றி அதைப் பளபளவென்ற ரோஸ் ஆக்கியிருந்தால், எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். பிறகு பழைய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த வழி. அவசரக்காரிக்கு அது அப்போது தோன்றவில்லை.

பிறகு சும்மா முதல் எபிசோடை ஓடவிட்டாள். பூனையின் லோரி தெரு முனையில் திரும்புகிறது. பின்னால் ஒரு ஃபிளாட். மூன்றாம் மாடியில் துணிக்கொடி. அதில் ரத்தச் சிவப்பில் ஏதோ ஒன்று காற்றில் ஆடியது. நிறத்தை இழந்த இடத்தை அந்த மென்பொருள் அப்படித்தான் காட்டும், கண்ணைக் குத்துகிற சிவப்பில். இரண்டாம் எபிசோடிலும் அதே கொடி, அதே சிவப்பு. ஏழாம் எபிசோடுவரை அப்படியே.

அவள் பதறாமல் புதிதாக ஒரு கட்டம் உருவாக்கி, 122, 138, 116 என்று அதே எண்களை அடித்தாள். அதே பெயரையும் வைத்தாள். கொடியில் சிவப்பு அசையவில்லை. ஏனென்றால் படங்கள் எண்ணையோ பெயரையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் பிறக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஐசி நம்பர், அடையாள அட்டை எண் மாதிரி, இருக்கிறது. படம் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். அச்சு அசலாக அதே முகத்தோடு இன்னொருத்தி வந்து நின்றாலும், நீ அவளில்லை போ என்று சொல்லிவிடும்.

இந்தப் போராட்டத்தில் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. தினமும் பன்னிரண்டுக்குத்தான் ஸ்டூடியோ சர்வர் பழைய பிரதியின் மேல் புதுப் பிரதியை எழுதும். எழுதிவிட்டது. பழைய பேலட்டும் போயிற்று. கையால் நிரப்பலாம் என்றால், துணி காற்றில் ஆடுகிறது, ஆட்டத்தின் ஒவ்வொரு படமும் தனித்தனியாகத் தீட்டியது. ஏழு எபிசோடில் நூற்றுப் பன்னிரண்டு காட்சிகள். திங்கட்கிழமைக்குள் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் முடியாது.

"எல்லாம் ஓகேவா?" என்று ஜெயராஜ் தாண்டிப் போகும்போது கேட்டார்.

"ஓகே அண்ணே."

சொன்ன மறுகணமே அவளுக்குத் தன் மேல் எரிச்சல் வந்தது. மறுபடியும் வாயை மூடிக்கொண்டாயிற்று. அந்த எரிச்சலில்தான் ஒன்று ஞாபகம் வந்தது. சீதாலெட்சுமிக்கு சர்வர் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் பேலட்டைத் தன் சொந்த டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை ரோகிணி கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கினாள். சீதாலெட்சுமி அங்கே தன் சித்தப்பாவின் பெயிண்ட் கடையில் இருப்பதாகக் கேள்வி. கேள்வி சரிதான். முகப்பு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவந்த அங்கிளுக்கு அதே நிறத்தைக் கலந்துகொண்டிருந்தாள். வெள்ளைப் பெயிண்ட் டின்னுக்குள் மெஷின் சொட்டுச் சொட்டாக நிறம் விட்டது. ரோகிணியைப் பார்த்தாள், திரும்ப டின்னைப் பார்த்தாள்.

"எந்த ரூமுக்கு பெயிண்ட்?"

"பெயிண்டுக்கு வரல லா, சீதா."

"அப்ப நில்லு. கஸ்டமர் இருக்காரு."

நின்றாள். இருபது நிமிடம் நிற்கவைத்தாள் சீதாலெட்சுமி. அங்கிள் டின்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கையைத் துடைத்தாள்.

"இங்க ஒரு நல்லது என்னன்னா, ஒரு டின்னை மாத்தினா ஊர்ல உள்ள சுவரெல்லாம் மாறாது. சொல்லு."

ரோகிணி சொன்னாள். அழித்ததை, சிவப்பை, பன்னிரண்டு மணியை, எல்லாவற்றையும். சீதாலெட்சுமி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

"பேரே தொடாதேன்னுதானே வெச்சேன்."

"அதனாலதான் தொட்டேன்."

"தெரியும். ஜெயராஜ் அண்ணே தூக்கிரக் கூடாதேன்னு வெச்ச பேரு. உன்னை மறந்துட்டேன்." மேசை இழுப்பறையைத் திறந்து கறுப்பு டிஸ்கை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை. "அது என்ன கலருன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்ல. மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிறேன். என்னது அது?"

சீதாலெட்சுமி டிஸ்கின் முனையால் ரோகிணியின் தோளைக் குத்தினாள். "இது."

ரோகிணி குனிந்து பார்த்தாள். அவள் சுவெட்டர். வாங்கியபோது நல்ல கரும்பச்சை, துவைத்துத் துவைத்து வெளிறியது. ரயிலின் ஏசிக்காகப் போட்டுக்கொண்டு வந்தவள் கழற்றக்கூட மறந்திருந்தாள். அதே மங்கல். மூன்று நாளாக உடம்பில் மாட்டிக்கொண்டே ஊரெல்லாம் தேடியிருக்கிறாள்.

"ரெண்டு வருஷம் இந்தப் பக்கம் திரும்பினா எனக்கு அதுதான் தெரியும்," என்றாள் சீதாலெட்சுமி. "டிவில நம்ம பேரெல்லாம் வராதுன்னு தெரியும்ல? கடைசில ஸ்டூடியோ பேரு மட்டும்தான் ஓடும். அதான் உன்னைக் கொடியில போட்டேன். நீயே பாத்து கண்டுபிடிப்பேன்னு இருந்தேன்."

ஐந்து மாதமாக ரோகிணிக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "எனக்கு செவ்வாய்க்கிழமையே தெரியும், சீதா. சொல்லியிருக்கணும். வேலை போயிருமோன்னு பயந்துட்டேன். தப்பு என்னோடதுதான். இதைச் சொல்ல நான் முன்னாடியே வந்திருக்கணும். ஒரு கலர் தொலைஞ்சப்புறம் வர்றது எனக்கே வெக்கமா இருக்கு."

சீதாலெட்சுமி துணியை எடுத்தாள். முகப்பு மேசையில் சிந்தியிருந்த ஒரு சொட்டைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"எட்டாவது எபிசோட்லேருந்து கொடியில என்ன காயுது?"

ரோகிணி யோசித்தாள். எட்டிலிருந்து எல்லாம் அவள் கை பட்டவை. "ஒண்ணுமில்ல. வெறுங்கொடி."

"ம்ம்."

சீதாலெட்சுமி மெஷினிடம் போனாள். ஒரு சின்ன டப்பாவில் எதையோ கலந்தாள், குச்சியால் தொட்டாள், தலையை ஆட்டினாள், இன்னொரு சொட்டு விட்டாள். ஒரு அட்டையில் விரலகலத்துக்குத் தடவி, டிஸ்கோடு சேர்த்து நீட்டினாள். செங்கல்லுக்கும் நாவல் பழத்துக்கும் நடுவில் ஒரு நிறம்.

"இது என்னது?"

"கண்டுபிடி. உன்னாலதான் சும்மா இருக்க முடியாதே."

ரயிலில் வரும் வழியெல்லாம் ரோகிணி அந்த அட்டையை ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தாள். இருக்கையில் இல்லை. ஷா ஆலாம் பக்கத்துக் கூரைகளில் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஆன்டியின் கைப்பைக்கு அருகே கொண்டுபோனபோது, ஆன்டி பையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். ஸ்டூடியோவில் ஏதாவது சுவரா? சீதாலெட்சுமி வீட்டுக் கதவா? மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பயம் பாதி, ஆசை பாதி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் யாருமில்லை. தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். டிஸ்கிலிருந்த பழைய பேலட்டிலிருந்து அந்த ஒரு நிறத்தை மட்டும் ஐசி நம்பரோடு எடுத்து அதன் இடத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் எபிசோடைத் திறந்தாள். கொடியில் சிவப்பு போயிருந்தது. அவள் சுவெட்டர் காற்றில் ஆடியது. ஏழு எபிசோடிலும் ஆடியது. நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று கையிலிருந்த அட்டையைப் பக்கத்து நாற்காலியின் விளிம்பில், கேபிள் பெட்டிகளுக்கு முன்னால், கிடைத்த கொஞ்சம் இடத்தில் வைத்தாள்.

அட்டையின் வெள்ளை தெரிந்தது. பெயிண்ட் தடவிய இடம் காணவில்லை. நாற்காலியின் மெத்தையோடு மெத்தையாகிவிட்டது.

அவள் அசையாமல் அதையே பார்த்தாள். பிறகு எழுந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். நான்கு பெட்டி, ஒரு பழைய பிரிண்டர். மெத்தையில் ஐந்து மாதத் தூசி. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள்.

பிறகு அட்டையைத் திரையருகே வைத்து எண்களை ஏற்றியும் இறக்கியும் ஒரு புது நிறம் செய்தாள். பதின்மூன்றாம் எபிசோடின் கடைசிக் காட்சி, பூனை லோரியை நிறுத்திவிட்டு இறங்குகிறது. பின்னால் வெறுங்கொடி. அதில் தன் சுவெட்டரைத் தொங்கவிட்டாள், அதன் பக்கத்தில் புது நிறத்தில் ஒரு துப்பட்டா. அந்த ஒரு காட்சிக்குத்தான் நேரம் இருந்தது. கட்டத்துக்குப் பெயர் கேட்டது மென்பொருள். 'சீதாலெட்சுமி' என்று அடித்தாள்.

காலியான நாற்காலியைப் படமெடுத்து அனுப்பினாள். பதில் உடனே வந்தது. "ஒரே நாள்தான் ஆச்சா? பரவால்ல, தேறிட்டே."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜெயராஜ் கடைசி எபிசோடை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கடைசிக் காட்சியில் நிறுத்தினார்.

"அந்தக் கொடியில துணி முன்னாடி இல்லையே. யாரோடது?"

சும்மா போட்டேன் அண்ணே என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வேலை நிரந்தரமாகும், எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை ரோகிணியின் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"ஒண்ணு என்னோடது, அண்ணே. இன்னொண்ணு சீதாவோடது. வெள்ளிக்கிழமை நான் ஒரு கலரை அழிச்சு ஏழு எபிசோடைக் கெடுத்துட்டேன். நீங்க கேட்டப்ப ஓகேன்னு பொய் சொன்னேன். அவ டிஸ்க் குடுக்கலன்னா இன்னிக்கு அனுப்ப ஒண்ணும் இருந்திருக்காது."

ஜெயராஜ் அவளையே பார்த்தார். பார்வை மெல்ல நகர்ந்து பக்கத்தில் போய் நின்றது.

"அங்க இருந்த பெட்டியெல்லாம் எங்க?"

"கீழ எறக்கிட்டேன்," என்றாள் ரோகிணி. "அது உக்கார்ற எடம், அண்ணே."