கழுத்துப் பட்டை

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இரண்டு வருடமாகச் சொல்லித் திரிந்தேன். நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தார்கள், பிழைத்தேன். இப்போது அது கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, வலது பக்கம், நெல்லிக்காய் அளவில்.

டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டினார். "அப்பவே கழுத்தையும் திறந்து சுத்தம் பண்ணணும்னு எழுதியிருக்கோம். உங்க வீட்டு ஆள் வேணாம்னு கையெழுத்துப் போட்டிருக்காரே?"

கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. என் மனைவியின் தம்பியுடையது. "பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க மாமா" என்று அன்று சொன்னவன். எங்கள் தையல் கடையில் துணி வெட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கழுத்தையும் திறந்தால் நான் கடைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும். பள்ளிச் சீருடை ஆர்டர் காத்திருந்தது. என் உயிரைவிட அது அவனுக்குப் பெரிதாகப் போயிற்று.

"அன்னிக்கே எடுத்திருந்தா தோள் நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப கட்டி அதோட ஒட்டிக்கிட்டிருக்கு, சேத்துத்தான் வெட்டணும். வலது கையை இனிமே சரியாத் தூக்க முடியாது."

மேசைக்குக் குறுக்கே நீண்டு கத்தரிக்கோல் ஓட்டும் கை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மச்சினன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். இந்த முறை அவனே வெட்டப் போகிறானாம். "முந்நூறு சட்டை மாமா. அளவு அட்டையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"பீரோவுல மேல் தட்டு. எடுத்துக்கோடா."

துணிமேல் வைத்து வெட்டும் அந்த அட்டைகள் எல்லாவற்றிலும் தையலுக்கு விடவேண்டிய துணியையும் சேர்த்தே வரைந்திருக்கிறேன், கழுத்துப் பட்டையைத் தவிர. அதற்கு மட்டும் துணியின் தடிமனைப் பார்த்து, வெட்டும்போது கூட்டிக்கொள்வேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இம்மியும் வருந்தவில்லை.

ஐந்தாம் நாள். காதிலிருந்து தோள்வரை தையல், கழுத்திலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ரத்தநீர் நிறையும் புட்டி. வலது தோள் கீல் கழன்ற கதவு மாதிரி சரிந்து கிடந்தது. மச்சினன் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஒன்றைத் தைத்துப் பார்க்காமல் முந்நூறையும் அடுக்கி வெட்டியிருக்கிறான், அவசரக்குடுக்கை.

"மாமா, கழுத்துப் பட்டன் மூடவே மாட்டேங்குது. எல்லாச் சட்டையும் இப்படித்தான். துணியும் தீந்துபோச்சு. நாளைக்குக் குடுக்கணும். கழுத்தை என்ன பண்றது மாமா?"

பேசினால் தையல் இழுக்கும். இருந்தாலும் பேசினேன்.

"கழுத்துல கை வைக்க வேணாம்னு கையெழுத்துப் போட்டவன் நீதானேடா. இதுக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போ."