சக்தியின் கொலுசு

முத்தாலம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம் எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பாடு திண்டாட்டம். அன்றைக்கு எதிரில் வந்து மாட்டியவர் தாம்பரம் பஸ்ஸின் கண்டக்டர்.

“இன்னாம்மா அது, அன்னக்கூடையில?”

“கம்ப்யூட்டர்.”

“மீன் கூடையிலயா? சரி, லக்கேஜ் எடு. ஓசி டிக்கெட்டுல ஏறிட்டு பாதி பஸ்ஸ அடைச்சுக்கினா எப்படி?”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. “யாருக்குய்யா ஓசி? உங்க அப்பன் வூட்டு பஸ்ஸா இது? கவுருமெண்டு பொம்பளைங்களுக்கு வுட்டுக்கீது, நான் ஏறிக்கீறேன். லக்கேஜ் எவ்ளோ, அத மட்டும் சொல்லு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அஞ்சலி துப்பட்டாவை முகம்வரை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிளஸ் டூ படிக்கிற பெண். இந்த அம்மாவோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவளுக்கு இதே வேலைதான்.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கண்டக்டர் ஒரு சாக்குதான். பத்து நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, யார் தலையிலாவது கொட்ட வேண்டியிருந்தது. மடியில் இருந்த அன்னக்கூடையை முத்தாலம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் செத்துப்போன சிபியு. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. பஸ் குலுங்கும்போதெல்லாம் கொலுசு சிணுங்கியது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நாவலூரில் ஏதோ ஒரு ஆபீஸைக் காலி செய்தபோது அவள் புருஷன் கோபு தன் லோடு ஆட்டோவில் மீன் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. பக்கவாட்டுக் கதவுக்கு ஸ்க்ரூ கிடையாது, சும்மா சாத்தித்தான் வைப்பார்கள். ஆனால் ஓடியது. அஞ்சலி அதில் உட்கார்ந்து தானாகவே என்னென்னவோ கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டர் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினாள். மேடவாக்கம் ரோட்டோரத்தில் மீன் வாங்க வருகிற ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் அந்த மார்க் தெரியும். அதைச் சொல்லாமல் முத்தாலம்மாள் மீனை எடை போட மாட்டாள்.

இப்போது அது இல்லை. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பேருக்கு ஆறு கம்ப்யூட்டர், அதிலும் இரண்டு ஓடாது. பிராக்டிகல் பரீட்சைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலி நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, கீபோர்டு மாதிரி வரைந்து, அதன்மேல் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்பதை முத்தாலம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டாள். பார்த்த அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

எல்லாம் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆரம்பித்தது. காலையில் அஞ்சலி பொத்தானை அமுக்கினாள், டப்பென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். அவ்வளவுதான். முந்தின நாள் பூஜை முடிந்ததும் யார் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்று முத்தாலம்மாள் யோசித்தாள். யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொழுந்தன் மகள் சக்தி. நாலாம் வகுப்பு. அடுத்த போர்ஷனில்தான் இருக்கிறார்கள். பொரியும் கடலையும் தின்றுகொண்டே அந்தக் குட்டி கீபோர்டைத் தட்டித் தட்டி விளையாடியதை எல்லோரும்தான் பார்த்தார்கள்.

முத்தாலம்மாள் போய் அவளை இழுத்து வந்து முதுகில் நாலு வைத்தாள். “இன்னாடி அமுக்கின? சொல்றியா, இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?”

“நான்தான் பெரிம்மா,” என்று சக்தி அழுதாள். “தெரியாம அமுக்கிட்டேன் பெரிம்மா.”

ஒப்புக்கொண்டாளா, இல்லையா? அப்புறம் என்ன. அன்று முழுக்க காம்பவுண்டே அதிர்ந்தது. சக்தியின் அம்மா ஜெயஸ்ரீ அபார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை செய்கிறவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து, மகளின் கொலுசைக் கழற்றிக் கொண்டுவந்து முத்தாலம்மாள் எதிரில் வைத்தாள். காதுகுத்துக்கு ஜெயஸ்ரீயின் அண்ணன் போட்ட கொலுசு.

“இத வச்சு சரி பண்ணிக்கக்கா. எங்கையில வேற ஒண்ணுமில்ல.”

கோபுகூடச் சொன்னார். “கொழந்த கொலுசுடி. குட்த்துடு.”

“நீ சம்பாரிச்சு புதுசு வாங்கியா. குட்த்துடறேன்,” என்றாள் முத்தாலம்மாள். கோபு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

தாம்பரத்தில் முதலில் நுழைந்தது ஒரு ஏசி கடை. டை கட்டிய பையன் அன்னக்கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டான். “ஆன்ட்டி, இது ஸ்க்ராப். புதுசு எடுத்துக்கோங்க. மாசா மாசம் கட்டலாம். சேலரி ஸ்லிப் இருந்தா போதும்.”

“மீனுக்கு எவன்டா ஸ்லிப் குடுக்கறான்?” என்று கேட்டுவிட்டு அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மூக்கைத் தேய்த்ததை அவள் பார்த்திருந்தாள். வாங்கித் தின்னும்போது மட்டும் மணக்கிறதாக்கும் என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

இரண்டாவது கடையை அஞ்சலியின் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், அடகுக் கடைக்கு மேலே, குறுகலான படி. கடைக்காரர் பெயர் ஆரோன். நாற்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கேள்வி எதுவும் கேட்காமல் சிபியுவை வாங்கி மேஜையில் படுக்கவைத்துக் கதவை எடுத்தார். எடுத்தவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“பூஜை போட்டீங்களாக்கா?”

“போடாம? அதுக்கு இன்னா இப்போ? சாமி கும்புட்டா கெட்டுப்பூடுமா?”

ஆரோன் பழைய நியூஸ் பேப்பரை விரித்து, பெட்டியை அதன்மேல் கவிழ்த்து லேசாகத் தட்டினார்.

பொரி விழுந்தது. ஒரு கைப்பிடிக்குக் குறையாது. பின்னாலேயே இரண்டு பொட்டுக்கடலை, காய்ந்த சாமந்தி இதழ். மின்சாரம் வாங்கிக் கொடுக்கிற பெட்டியின் மூடியை அவர் திறந்து காட்டியபோது உள்ளே மஞ்சள் கறை படிந்து, கீழே கருகியிருந்தது.

“மஞ்ச தண்ணி. பவர் பெட்டிக்குள்ள பூந்து, ஆன் பண்ணதும் போர்டயும் சேத்து அட்ச்சிட்டுது. பூஜை முடிஞ்சா வருஷா வருஷம் எனக்கு நாலஞ்சு இப்படி வருங்க்கா. போன வாரம் ஒரு சார் எலுமிச்சம்பழத்தயே உள்ள வச்சு மூடிக் கொண்டாந்தாரு.”

அஞ்சலிதான் கேட்டாள். அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள். “சின்னப் பசங்க யாராவது கீபோர்டைத் தட்டினா இப்படி ஆகுமா அண்ணா?”

ஆரோன் சிரித்தார். “தட்டறதுக்குத்தாம்மா அது கீது. ஏறி மிதிச்சாலும் இப்படி ஆவாது.”

முத்தாலம்மாள் பொரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூஜை அன்று சிபியுவை மணையில் படுக்கவைத்தது அவள். நிற்கவைத்தால் வாழையிலை நழுவுகிறது என்று படுக்கவைத்தாள். அதன்மேல் இலையைப் போட்டு, இலையில் பொரியைக் குவித்தது அவள். மீன் கத்திக்கு ஒரு தெளிப்பு, தராசுக்கு ஒரு தெளிப்பு, வண்டிக்கு ஒரு தெளிப்பு. கம்ப்யூட்டருக்கு மட்டும் வேப்பிலைக் கொத்தைச் சொம்பில் நன்றாக முக்கி எடுத்து, மூன்று தெளிப்பு. மகள் பெரிய ஆளாக வர வேண்டும், தாயே, என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு தெளித்தாள். சாத்தியிருந்த கதவு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

யாரைத் திட்டுவது? ஆரோனைத் திட்ட வாய் எடுத்தாள், வரவில்லை. சாமியைத் திட்ட முடியாது. தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பழக்கமே அவளுக்கு இல்லை.

“சரி, அத்த வுடு,” என்றாள். “இப்ப இன்னா பண்ணலாம், சொல்லு.”

ஆரோன் சொன்னார். ஹார்ட் டிஸ்க் பிழைத்திருக்கிறது, அஞ்சலி எழுதி வைத்ததெல்லாம் அதில் அப்படியே இருக்கும். வீட்டில் இருக்கிற திரையும் போதும். ஆபீஸில் ஓடிய பழைய சிபியு ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதில் இந்த டிஸ்கை மாட்டித் தருகிறேன், ஐயாயிரத்து ஐந்நூறு. முத்தாலம்மாளிடம் மூவாயிரம் இருந்தது. மிச்சத்துக்குக் கொலுசை அடகு வைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்; அடகுக் கடையும் கீழேயே இருந்தது. கை தானாகச் சுருக்குப் பைக்குப் போனது. கொலுசு சிணுங்கியது.

அஞ்சலி அந்தச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தவில்லை. மேஜையில் கிடந்த பொரியை ஒன்று விடாமல் கூட்டி, பேப்பரைக் கிழித்து, பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குடி அது?”

“சும்மா.”

“தூக்கிப் போடு.”

அஞ்சலி போடவில்லை. பொட்டலத்தைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மற்ற நாளாக இருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும். முத்தாலம்மாள் சுருக்குப் பையிலிருந்து கையை எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆரோன் பக்கம் திரும்பினாள்.

“உங்க வூட்ல மீன் துன்னுவீங்களா?”

“இன்னாக்கா இப்படி கேட்டுட்டீங்க? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறமோ இல்லியோ, மீன் உண்டு.”

“இப்ப மூவாயிரம் வச்சுக்க. மிச்சத்துக்குப் பொங்கல் வரிக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒரு கிலோ, கழுவி துண்டு போட்டு, எங்கூட்டுக்காரரு வண்டில குட்த்தனுப்புறேன்.”

ஆரோன் மோவாயைச் சொறிந்தார். “வஞ்சிரமாக்கா?”

“ஆசையப் பாரு. சங்கரா. எடையில கை வைக்க மாட்டேன். நீயும் பொட்டி சாமான்ல கை வைக்காத.”

அவர் ஒத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் கேட்பதற்கு முன்னால் முத்தாலம்மாளே லக்கேஜ் டிக்கெட் வாங்கினாள். அஞ்சலியின் மூடிய கையை மட்டும் அடிக்கடி பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். இந்தப் பெண் கோவிலம்பாக்கத்தில் வீட்டுக்கு இறங்கும்வரை கேட்கவில்லை.

காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, “குடு இப்படி,” என்று மகளின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினாள். நேராக அடுத்த போர்ஷன் வாசலுக்குப் போனாள். ஜெயஸ்ரீ வேலை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முத்தாலம்மாள் பொட்டலத்தை அவள் எதிரில் பிரித்து வைத்தாள். கொலுசையும் எடுத்து வைத்தாள்.

“கம்ப்யூட்டர் உள்ளேருந்து கொட்டுச்சு. பூஜைக்கு நான் வச்ச பொரி. நான் தெளிச்ச தண்ணியிலதான் அது போயிருக்கு. உம்பொண்ணு ஒண்ணும் பண்ணல.”

ஜெயஸ்ரீக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வடிதட்டைக் கீழே வைத்தாள். அதிர்ந்து பேசத் தெரியாத ஜெயஸ்ரீ அன்றைக்குப் பேசினாள், மொத்தக் காம்பவுண்டும் வெளியே வந்து நின்றது. “உம்பொண்ணு படிக்கணும்னா எம்பொண்ணு முதுகுதான் கெடச்சுதா ஒனக்கு? பத்து நாளா தூக்கத்துல ‘இனிமே தொட மாட்டேன், தொட மாட்டேன்’ன்னு கத்துதுக்கா. நானும் சேந்து அடிச்சேனே. ஒன் பேச்ச நம்பி நானும்தான அடிச்சேன். நீ ஒரு பொம்பளையா? போ, எம்மூஞ்சியில முழிக்காத.”

முத்தாலம்மாளின் மூக்கு சிவந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. ஜெயஸ்ரீ மூச்சு வாங்க நிறுத்தும்வரை அப்படியே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு கொலுசை எடுத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பின்னால் ஒண்டியிருந்த சக்தியிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“காலக் காட்டு.”

சக்தி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். “அப்ப நான் ஒடைக்கலியா பெரிம்மா?”

“இல்ல.”

“நெசமாவா?”

“நெசமாதான். நான்தான்டி ஒடச்சேன்.”

அடிக்குப் பயந்து ஒப்புக்கொண்டாள் என்றுதான் முத்தாலம்மாள் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அது மட்டும் இல்லை. இந்தக் குழந்தை பத்து நாளாக அதை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. முத்தாலம்மாள் கொலுசின் கொக்கியை மாட்டப் பார்த்தாள், கண் மறைத்தது, மாட்ட வரவில்லை. சக்தி அவள் கையிலிருந்து கொலுசை வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள்.

பக்கத்துப் போர்ஷனில் அஞ்சலி ஒயர்களைச் செருகி முடித்திருந்தாள். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். “சக்தி, வா. நீதான் ஆன் பண்ணணும்.”

சக்தி வந்தாள், ஆனால் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முத்தாலம்மாள் பின்னால் வந்து, “போடி, போய் அமுக்கு, ஒண்ணும் ஆவாது,” என்றாள். தன்னால் முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னாள்.

சக்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேணாம் பெரிம்மா. நான் தொட மாட்டேன். இங்கேருந்தே பாக்கறேன்.”