யாரும் கேட்காத தகவல்

வெளிநோயாளிகள் கூடத்தில் ஒட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், உடம்புக்கு என்னவோ என்றுதான் பக்கத்தில் போனேன். இரண்டு மாதம் முன்பு எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவிலிருந்து வேலையை விட்டவர், அதன் பிறகு என் அறைப் பக்கம் வந்ததில்லை. கைப்பேசியை நீட்டினார். அவர் மனைவியின் பெயருக்கு வந்த நினைவூட்டல்: இன்று காலை பத்து மணிக்குப் பரிசோதனை, தவறாமல் வரவும். அந்த அக்கா இறந்து மூன்று வாரம் ஆகிறது, இதே ஆஸ்பத்திரியில், மேல்மாடி வார்டில்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். வார்டு, ஆய்வகம், மருந்தகம், முன்பதிவு எல்லாவற்றுக்கும் தனித்தனி மென்பொருள். ஒன்று சொல்வது இன்னொன்றின் காதில் விழாது. எந்த இரண்டுக்குப் பேச்சு வேண்டுமோ அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒரு நிரல் எழுதி ஒட்டிவிடுவார் அவர். ஒட்டுக்காரர் என்ற பெயரே அப்படி வந்ததுதான். என் வழி வேறு. நடுவில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே மென்பொருள் சேவை. எல்லாரும் அதனிடம்தான் சொல்ல வேண்டும், அதனிடம்தான் கேட்க வேண்டும். என் வரைபடம் அழகாகவே இருந்தது. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

ஒவ்வொரு பிரிவிடமும் என்னென்ன தகவல் வேண்டும் என்று எழுதி வாங்கினேன். எழுதித் தந்ததெல்லாம் சேவையில் சேர்ந்தது. பழைய ஒட்டுகளை மொத்தமாகக் கழற்றச் சொன்னேன்.

"வார்டுலேர்ந்து முன்பதிவுக்குப் போற ஒண்ணு இருக்கு தம்பி. அதை மட்டும் விட்டுடுங்க."

"முன்பதிவுல யாரும் கேக்கலையே அண்ணே."

"அப்படி ஒண்ணு வர்றதே அவங்களுக்குத் தெரியாது. எப்படிக் கேப்பாங்க?"

மேலே சொல்ல வாயெடுத்தார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன். அந்த ஒட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மற்றவற்றோடு கழற்றவைத்தேன். வார்டில் யாராவது இறந்தால், அவர்கள் பெயரில் மிச்சமிருக்கும் முன்பதிவுகளைச் சத்தமில்லாமல் ரத்து செய்வது அது. பத்து வருடம் ஒழுங்காக வேலை செய்ததால் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் இன்னும் எத்தனை வீடுகளுக்கு இப்படி நினைவூட்டல் போனதோ.

"தப்பு என்னுதுதான் அண்ணே," என்றேன்.

"சண்டை போட வரல தம்பி. தவறாம வரச் சொல்லியிருக்கு. யாராவது ஒருத்தர் வரணும்ல."

அவர் கையில் வாசலில் கொடுத்த சீட்டு இருந்தது. பதினான்கு. பலகையில் அந்த எண் மின்னியது. நர்ஸ் கதவைத் திறந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னொரு முறை கூப்பிட்டாள். நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.