செலிமோவின் பல்லில் ஏறிய கறை

நான்கு வயதுச் செலிமோவின் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே போனது. கெரிச்சோ தேயிலைத் தோட்டத்து தொழிலாளர் லைன் வீடுகளில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் அவளுடைய இரண்டு முன்பற்கள்தான்.

சொத்தை விழுந்த அந்தப் பற்களை மழைக்காலத்துக்கு முன்புதான் பல் டாக்டரிடம் பல் நிறத்திலேயே அடைக்க வைத்திருந்தாள் தாய் செப்கிருய். அடைத்த இடமே தெரியவில்லை. அப்புறம் மலேரியா வந்து போனது. பிள்ளை வெளுத்துப்போனாள் என்று தோட்டத்து மருந்தகத்தில் இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். "ஒரு ஸ்பூன், மூணு வேளை" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இரண்டே மாதத்தில் அடைப்பு கன்னங்கரேல் என்றாகிவிட்டது.

"என்ன அண்ணி, புள்ளைக்கு அடுப்புக்கரியா ஊட்டுற?" கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள் நாத்தனார் தப்சபெய். "வாயத் தொறந்தா, நாம பால் ஊத்திவைக்கிற கரி பூசின சுரைக்குடுக்கை மாதிரியில்ல இருக்கு!"

நிறுவைக்கு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

செப்கிருய்க்கு மானம் போயிற்று. மட்டமான சாமானை வைத்து அடைத்துவிட்டான் என்று பல் டாக்டரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தாள். பிள்ளை நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறாள், மண்ணைத் தின்கிறாள். அதற்குத்தான் டானிக் கொடுக்கிறோமே, சரியாகிவிடும். பல்லுக்குத்தான் ஒரு வழி பண்ண வேண்டும். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அதே பல் டாக்டரிடம் கிளம்பினாள்.

"நல்லா அடைச்சிருந்தா இப்படிக் கறுக்குமா டாக்டர்? ஊரே கேலி பண்ணுது."

டாக்டர் கோஸ்கெய் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். "அடைப்பு நல்லாத்தாம்மா இருக்கு. மேல கறை படிஞ்சிருக்கு. இரும்பு டானிக் குடுக்குறியா?"

"ஆமா, ரத்தத்துக்கு."

"அதான். பல்லவிட அடைப்புல சீக்கிரம் ஏறும். தேச்சா போயிடும். ஆனா இவ்வளவு மை மாதிரியா? எதுல கலந்து குடுக்குற?"

"டீயிலதான். சும்மா குடுத்தா துப்பிடுறா. டீன்னா ஒரு சொட்டு விடமாட்டா."

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். அங்கே சிவப்பே இல்லை.

"டீயில போட்டா இரும்பு அதோட சேர்ந்து கறுத்துடும்மா. பல்லுல ஒட்டும், ரத்தத்துல சேராது. பல்ல விடு. புள்ளைய வார்டுக்குத் தூக்கிட்டு ஓடு!"

தேயிலையைக் கிள்ளி, அதையே காய்ச்சிக் குடித்து வளர்ந்த சனம். டீயில் கலந்தால் மருந்து வீணாகும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றியிருக்காது. சொல்லவேண்டியவர்களுக்கு அதைச் சொல்ல அரை நிமிஷம் இல்லை.

வார்டில் செலிமோவுக்குச் சேர்கிற ரத்தம் இருப்பில் இல்லை. தாயின் ரத்தமும் சேரவில்லை. வேறு ஊரிலிருந்து வண்டியில் வருகிறது என்றார்கள். வண்டி வருமுன், பிற்பகல் மூன்று மணிக்கு, அந்தச் சின்ன நெஞ்சு துடித்துக் களைத்து நின்றுவிட்டது.

காகிதம் நிரப்ப வந்த வார்டு நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டானிக்க நடுவுல நிறுத்திட்டியாம்மா?"

"இல்லையே" என்றாள் செப்கிருய். "ஒரு வேளைகூட விடல. மூணு வேளையும் என் கையாலதான் குடுத்தேன்."