கட்டிலில் எத்தனை பேர்

ஏசி மாட்ட வந்த தம்பி ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு அறைகளுக்கும் நடுவே நின்று, “எந்த ரூம்மா?” என்று கேட்டார். “முன் ரூம். ஐயா படுக்கிற ரூம்” என்றேன். அதே நேரம் சமையலறையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்த என் வீட்டுக்காரர், “பின் ரூம்ப்பா. அம்மா படுக்கிற ரூம்” என்றார். அந்தத் தம்பி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேந்தப் பேந்த முழித்தார். பாவம், முழிக்காமல் என்ன செய்வார். புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் படுக்கிற சங்கதியை ஒரே மூச்சில் அவிழ்த்துக் கொட்டிவிட்டோமே.

முந்தின நாள் அந்தப் பெட்டி வந்து இறங்கியதிலிருந்தே எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவர் குளிருக்கு ஆகாத மனிதர். மழை பெய்தால் வெந்நீர் இல்லாமல் கைகூடக் கழுவ மாட்டார். எனக்கோ மாதவிலக்கு நிற்கிற வயதில் உடம்புக்குள் அடுப்பு மூட்டியது போல ஒரு காந்தல். நான் ஃபேனை ஐந்தில் வைப்பேன். கண் அசந்ததும் இவர் எழுந்து இரண்டில் வைப்பார். நான் எழுந்து மறுபடி ஐந்து. இப்படியே போய், ஒரு நாள் தும்மித் தும்மி அலுத்துப்போனவர், “இன்னைக்கு ஒரு நாள் முன் ரூம்ல படுத்துக்கறேன்” என்று தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அந்த ஒரு நாள் ஆறு வருடமாக முடியவில்லை. சண்டை என்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அவர் வரட்டுமா என்று கேட்கவில்லை, நான் வாங்க என்று சொல்லவில்லை. என் காந்தல் எப்போதோ அடங்கிவிட்டது. அதையும் நான் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் போய் ஏசி வாங்குகிறார். “யாருக்கு?” என்று கேட்டேன். “வீட்டுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். வீட்டுக்கு வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குள் கூழாகிக் கிடக்கும். துவைத்த துணி மூன்று நாள் கொடியில் தொங்கிவிட்டு, போட்டபடியே ஈரமாகத் திரும்பி வரும். பீரோவில் இருக்கும் இவருடைய பெல்ட்டில் பூஞ்சை பூத்திருக்கும். ஆனால் இதெல்லாம் நேற்றா ஆரம்பித்தது? ஆறு வருடம் வாயைத் திறக்காத மனிதருக்கு இப்போது என்ன வந்தது?

வாங்கினவருக்குத்தானே என்றுதான் முன் ரூம் சொன்னேன், கடைசியில் பின் அறை என்று முடிவானது. முடிவானது என்ன, நான் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். தம்பி சுவரைத் தட்டிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, டிரில்லிங் மெஷினை வைத்து அழுத்தினார். வீடே பல்லைக் கடித்துக்கொண்டது. சிவப்புத் தூள் பறந்து தரையெல்லாம் படிந்தது. இவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது போல, “கொஞ்சம் வெளிப்பக்கம் சரிவா போடுப்பா, தண்ணி உள்ள வந்துரப் போகுது” என்றார். “சரிவாத்தான் போடறேன் சார், பயப்படாதீங்க” என்றார் தம்பி. துளை வெளியே எட்டியதும் மழை வாசனை அதன் வழியாக உள்ளே வந்தது.

மெஷினை அந்தத் துளைக்கு எந்தப் பக்கமாகத் தள்ளி மாட்டுவது என்று யோசித்த தம்பி, கட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இதுல எத்தனை பேரும்மா படுப்பீங்க?”

“ஒருத்தர்” என்றேன்.

“ரெண்டு பேர்” என்றார் இவர்.

இவர் ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தலையைச் சொறிந்தார். “ஏன் கேக்கறேன்னா, காத்து நேரா மேல அடிக்கக் கூடாது பாருங்க. ஆகாதவங்களுக்கு உடம்பு வலிக்கும். யாருக்கு ஆகாதுன்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி தள்ளி மாட்டிரலாம்.”

“அந்தச் சுவத்துப் பக்கம் அடிக்கக் கூடாது” என்று இவர் கையைக் காட்டினார்.

சுவரோரம் இவருடைய பழைய பக்கம். இப்போது அங்கே மடிக்காத துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்கு ஓடினேன். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? இவர் அந்நியர் முன்னால் மானத்தை விட்டுக்கொடுக்காத மனிதர். காய்ச்சலில் கிடந்தாலும் யாராவது வந்தால் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொள்வார். ஏற்கெனவே ஒரு முறை மானம் போயாயிற்று, அதை ஒட்டுப் போடத்தான் ரெண்டு பேர் என்றாரா? அல்லது நிஜமாகவே ரெண்டு பேரா? நிஜம் என்றால் குளிரில் நடுங்கிக்கொண்டு படுப்பதற்கா ஒரு மனிதர் ஏசி வாங்குவார்? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, மழை விட்ட நேரத்தில் தம்பி பையைக் கட்டினார். சோதனைக்காக உள்ளே நின்றுவிட்டு நான் வெளியே வந்ததும் என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. “இனிமே இப்படித்தாம்மா, வெளிய வந்தா கண்ணாடி வேர்க்கும்” என்று சிரித்தார். பிறகு கதவை ஆட்டிப் பார்த்தார். அது பாதி வழியில் தரையில் சிக்கி நின்றது. “இதைச் சரி பண்ணிருங்க. கதவு எப்பவும் சாத்தியே இருக்கணும். இந்த ஈரக் காத்து உள்ள வந்துக்கிட்டே இருந்தா ரூமும் குளிராது, மெஷினும் தண்ணியாக் கொட்டும்.”

எங்கள் இரண்டு அறைகளின் கதவுகளும் எதிரெதிரே. சாத்தினால் புழுக்கத்தில் மூச்சு முட்டும் என்று இரண்டையும் திறந்தேதான் போட்டிருப்போம். ஆறு வருடமாகச் சாத்தாத கதவு, ஈரத்தைக் குடித்து உப்பிப் போயிருக்கிறது. அந்த வழியாகத்தான் இவர் இருமுவது கேட்கும், புரண்டு படுப்பது கேட்கும், தூக்கத்தில் யாரையோ அதட்டுவது கேட்கும். சத்தமே இல்லை என்றால் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனி கதவைச் சாத்தவேண்டும் என்றால், எந்தப் பக்கம் நின்று சாத்தப்போகிறார்?

தம்பி போனதும் இவர் பக்கத்து வீட்டில் இழைப்புளி வாங்கி வந்தார். பழைய வெள்ளைப் போர்வை ஒன்றைக் கதவடியில் விரித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கதவின் அடிமூலையை இழைக்க ஆரம்பித்தார். “நீ உள்ள இரு. தூசி” என்றார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சுவரோரத் துணியில் பாதியை எடுத்து நாற்காலியில் போட்டேன். இடம் ஒதுக்கி வைத்து அவர் வராமல் போனால்? அந்த அவமானத்தை யார் தாங்குவது? எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து குவித்தேன். நாற்காலியைப் பார்த்தேன், மறுபடி இரண்டு புடவைகளை மட்டும் எடுத்து அங்கே போட்டேன். என்னை நினைக்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

இழைக்கிற சத்தம் நின்றது. கதவு நகர்ந்து வந்தது, வழுக்கிக்கொண்டு வந்து, மெல்ல ஒரு முறை தட்டிப் பொருந்தி நின்றது. வெளியே நின்று சாத்தியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. இருமல் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. மெஷின் மட்டும் தலைக்கு மேல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது, கால் விரல் நுனி வரை குளிர்ந்தது. ஒரு காலத்தில் நான் ஏங்கிய குளிர்தான், ஆனால் எனக்கு அழுகை வந்தது. சரி பார்ப்பதற்காகச் சாத்தினாரா, முடிந்தது என்று சாத்தினாரா? எழுந்து கதவருகே போய் நின்றேன். கைப்பிடியைத் தொட்டேன், ஆனால் திருகவில்லை.

கைப்பிடி தானாகத் திரும்பியது. கதவு திறந்ததும் வெளிப் புழுக்கம் முகத்தில் மோதி, என் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்தது. அவர் வாசலில் நிற்கிறார், அவ்வளவுதான் தெரிகிறது. அக்குளில் வெள்ளையாக ஏதோ இடுக்கியிருக்கிறார். தலையணையா, மரத்தூளை உதறி எடுத்த அந்தப் போர்வையா?

“கதவு சரியாயிடுச்சு” என்றார்.

“உள்ள வாங்க. குளிரெல்லாம் வெளிய போகுது” என்றேன்.

கண்ணாடியை நான் துடைக்கவில்லை. அப்படியே தடவிக்கொண்டு கட்டிலுக்குப் போய், சுவரோரத் துணியை இரண்டு கைகளாலும் வாரி எடுத்தேன்.