தலைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு கயிறு

1.
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. லயத்துச் சுவர்தான் என் காதில் கொண்டுவந்து போட்டது. மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நாம் சுடுதண்ணீர் வைக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி மூடிய மலைச்சரிவில் பிரேமினி கண்ணீரோடு…’

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அவள் அழவுமில்லை, ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.)

2.
பிரேமினிக்குக் கொழும்பில், பணக்காரர்களுக்கு உடை தைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் வரைந்த உடைகளுக்குப் பொத்தான் தேர்ந்தெடுப்பாள். போன மாதம்தான் அவள் வரைந்த உடையொன்று முதன்முதலாக மேடையேறியது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கை அடுக்கடுக்காக மடித்த நீளப் பாவாடை. முதுகில் பட்டுநூலில் பின்னிய கூடை. கூடையின் கயிறு தலையில். அணிந்த பெண் கழுத்து குனிந்து நடந்துவந்தாள். மண்டபமே எழுந்து கைதட்டியது.

கைதட்டியவர்கள் யாரும் வாங்கவில்லை.

பாவாடையைக் குறை, காரில் ஏற வேண்டாமா என்றார் நிறுவனத்தை நடத்தும் மேடம். குறைத்தாள். அடுக்கை எடு என்றார். எடுத்தாள். கயிற்றைத் தோளுக்கு இறக்கு, கைப்பையாக உன் பெயரிலேயே விற்கலாம் என்றார். அங்கேதான் சிக்கியது. ஞாயிறு மதியத்துக்குள் சம்மதிக்காவிட்டால் கூடை களஞ்சிய அறைக்குப் போய்விடும். அவள் பழையபடி பொத்தானுக்கு.

3.
தோள்வார் வைத்த மாதிரிப் பையோடு ஊருக்கு வந்தாள். அண்ணி கிருஷாந்தி, எங்கள் அடுத்த வீட்டுக்காரி, மலையில் கொழுந்து பறிப்பவள். தலையில் இருந்த கயிறு தோளுக்கு இறங்கியதைச் சொன்னதும் அவள் கொதிப்பாள் என்று பிரேமினி எதிர்பார்த்தாள். (நானும்தான். வீரவசனம்கூட எழுதி வைத்திருந்தேன்.)

“தலையில மாட்டணுமா? ஏன்டி, ஞாயித்துக்கிழமையுமா?” என்றாள் கிருஷாந்தி. “தோள்லயே இருக்கட்டும். ஷோக்கா இருக்கு.”

“அண்ணி, தலையில இருந்தாத்தான் அது கூடை.”

“கூடைய யாரு காசு குடுத்து வாங்குவா? எனக்குச் சும்மாவே குடுத்தாங்க, வேணாம்னு சொல்ல முடியாம தூக்கிக்கிட்டுத் திரியிறேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஞாயிறு ஹட்டனில் நடந்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாள். பிரேமினியும் பின்னாலேயே ஓடினாள்.

(எனக்கும் அழைப்பு இருந்தது. சந்தேகம் வேண்டாம்.)

4.
மண்டபத்தில் துணிக்கடை செரீபா மறித்தார். “இது எங்க எடுத்த? வெளிநாட்டுச் சாமானா?”

“எங்க நாத்தனா செஞ்சதுங்க.”

“அப்ப எனக்கும் ஒண்டு வேணுமே!”

அது கொழுந்துக் கூடை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் அதைச் சுமக்கிறவர்களுக்கும்தான். பிரேமினிக்குச் சுருக்கென்றது. ஆனால் அண்ணி கழுத்து நிமிர்ந்து நடந்த அழகிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது என்னவென்றால்…

(எனக்குத் தெரியாது. வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

5.
மதியம் நெருங்கியதும் மேடம் போனில் அழைத்தார்.

ஒரு முடிவு: சம்மதிக்கிறாள். கொழும்புக் கண்ணாடி அலமாரியில் அவள் பெயர். விலையைக் கேட்டு செரீபா தண்ணீர் கேட்கிறார்.

இன்னொன்று: மறுக்கிறாள். நீங்கள் புல்லரித்துப் போகிறீர்கள். திங்கட்கிழமை அவள் பொத்தான் பொறுக்குகிறாள்.

நடந்தது இது. பிரேமினி அண்ணியிடமிருந்து பையை வாங்கி, கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

“அடியே, எல்லாரும் பாக்குறாங்க!”

தலையில் வைக்கவுமில்லை, தோளுக்கு இறக்கவுமில்லை. மறுகையால் போனைக் காதில் வைத்தாள்.

“மேடம், முடிவு பண்ணிட்டேன். அந்தக் கயிறு…”

கெட்டிமேளம் முழங்கியது. அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கிருஷாந்திக்குக் கேட்டிருக்கும். நைசாக விசாரித்தால், “உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?” என்கிறாள். என்னிடம்தான் அவளுக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் கேட்டுப் பாருங்களேன்.